அவிழ்க்காத தலைப்பாகைகள்

முன்னொரு காலத்தில் தும்பையூரை உதாரசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனை மடியில் தூக்கி வைப்பான், மாலையில் அவனையே தூக்கி எறிவான். அப்பேர்ப்பட்டவனிடம் மந்திரி சேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினான்.

அந்தச் சீமையில் நாட்டுக்கு நாடு தலைப்பாகையின் நிறம் வேறு. ஒரு ராஜாவை விட்டு இன்னொருவரிடம் சேருகிறவன் பழைய தலைப்பாகையைச் சபை நடுவே தீயில் போட வேண்டும். பூமாலைராயன் அதில் கைதேர்ந்தவன். பச்சை ராஜாவிடம் தளபதியாயிருந்தான். அவர் நொடித்ததும் மஞ்சள் ராஜாவிடம் தாவினான். பிறகு மஞ்சள் கோட்டையின் கதவைத் தும்பையூர்ப் படைக்குத் திறந்துவிட்டு வந்து, மஞ்சளைக் கொளுத்திச் சிவப்பைக் கட்டிக்கொண்டான். தப்பியோடிய மஞ்சள் ராஜா மறுபடி படை திரட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் ஒரு கஞ்சப் பிசினாறி. தாங்கள்தான் என் தெய்வம்!" என்று ராயன் அழுத அழுகையில் உதாரசிங்கன் உருகிப்போனான்.

"வடக்கு வாசல் சாவி இனி ராயனிடம்" என்றான்.

சேந்தன் முன்னே வந்தான். அந்த வாசலை நம்பித்தான் ஊரே தூங்குகிறது. "மகாராஜா, அந்தக் கதவைத் திறந்தவன் இந்தக் கதவைத் திறக்க மாட்டானா?"

"மந்திரியாருக்குப் பொறாமை!" என்று சிரித்தான் ராயன்.

"நாளைக்குள் நிரூபியும். இல்லையேல் உம் தலை இருக்காது" என்றான் ராஜா.

மறுநாள் சாவி கொடுக்கும் விருந்து. இலை போட்டாயிற்று. சேந்தன் ஏற்பாடு செய்திருந்தபடி, வெளியே மஞ்சள் படையினுடையது போல முரசு முழங்கியது. காவலன் ஓடிவந்து, "எதிரி உள்ளே புகுந்துவிட்டான்!" என்று கத்தினான்.

ஓடுவதா நிற்பதா என்று எல்லாரும் விழித்தார்கள். ராயன் மட்டும் தூண் மறைவுக்குப் போய்ச் சிவப்பை உருவினான். அடியில், கொளுத்தியது போக இன்னொரு மஞ்சள்! பின்னாலேயே வந்த சேந்தன் அதையும் உருவினான். அதற்கடியில் சாயம் போன பச்சை. அந்தக் கோலத்திலேயே ராயனைச் சபை நடுவே இழுத்து வந்தான்.

"முரசு நம்முடையதுதான், மகாராஜா" என்றான் சேந்தன்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. "இவனைக் கழுதைமேல் ஏற்றுங்கள்! மந்திரிக்கு என் முத்துமாலை!" என்றான் ராஜா.

"நான் மட்டுமா?" என்று ராயன் கத்தினான். "என் கை பழகின கை, அதனால் முந்திக்கொண்டது. மற்றவர்கள் தலையையும் அவிழ்த்துப் பாருங்கள்!"

சிரிப்பு நின்றது. அத்தனை பேர் கையும் தலைக்குப் போயிற்று.

"அவிழ்க்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டான் சேந்தன்.

ராஜா சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம். பாயசம் பரிமாறச் சொல்லும்."

ராஜா போட்ட முத்துமாலையைச் சேந்தன் இலையோரம் கழற்றி வைத்தான். ராயனுக்கென்று வைத்திருந்த வடக்கு வாசல் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனான். அன்றிலிருந்து தும்பையூர் மந்திரிக்குப் படுக்கை வடக்கு வாசலில்தான்.