முசுறு இல்லாத மரம்

பண்ருட்டிப் பக்கம் ஒரு செம்மண் மேட்டில் முந்திரி மரம் ஒன்று இருந்தது. வைத்தியலிங்கம், அவர் பெண்சாதி அஞ்சலாட்சி, இவர்கள் தோப்பில் அதுதான் ஓரத்து மரம். காய்க்கிற வரைக்கும் வைத்தியலிங்கம் மரத்தைப் பிள்ளை மாதிரி பார்ப்பார். ஒரு வருஷம் பூ பொய்த்ததோ, வெட்டிப்போட்டுப் பலாக்கன்று வைத்துவிடுவார். தோப்பில் எல்லா மரத்துக்கும் இது தெரியும்.

அந்த மரத்தில் முசுறுகள் குடியிருந்தன. இலையோடு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்புகள். சும்மா சொல்லக்கூடாது, பொல்லாத ஜென்மங்கள். கொட்டை பொறுக்க வந்தவர் கழுத்தில் விழுந்து பிடுங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அதனால் சித்திரை மாதம் கொட்டை பொறுக்குவதற்கு முன்னால் மூங்கில் கழியில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் நனைத்து, கூடுகளைக் கொளுத்துவது அங்கே வழக்கம். இந்த மரம் மட்டும் கூடுகளை அடர்ந்த இலைக்குள் மறைத்துக் காப்பாற்றி வந்தது.

காப்பாற்றினாலும் மனசுக்குள் குறை. மற்ற மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து கூழ் குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். இங்கே ஒருத்தரும் வருவதில்லை. ஒருநாள் தாய் முசுறிடம் கேட்டேவிட்டது.

"உங்களால எனக்குக் கெட்ட பேரு. அஞ்சலாட்சியைக் கூடவா கடிப்பீங்க?"

"ஆள் பார்த்துக் கடிக்க எங்களுக்குத் தெரியாது" என்றது தாய் முசுறு. "அவளை விட்டா, நாளைக்கு வேற யாரையோ விடச் சொல்லுவே."

பக்கத்து மரத்திலிருந்து இதைத் தேயிலைக் கொசு கேட்டுக்கொண்டிருந்தது. பேர்தான் கொசு, செடிகொடியில் ஒண்டுகிற பூச்சி; மனுஷரைக் கடிக்காது. மெலிந்த சிவந்த உடம்பு, பணிவான பேச்சு. இத்தனை நல்ல மரத்துக்கு இப்படியொரு குடித்தனமா என்று உருகியது. தான் வந்தால் இருக்கிற இடமே தெரியாதென்றும், முசுறுகள் இருக்கும்வரை காலெடுத்து வைக்க முடியவில்லையே என்றும் சொல்லி வருத்தப்பட்டது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று மரம் நினைத்தது. பாவம், அதன் புத்தி அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் மரம் கூடுகளைச் சுற்றியிருந்த இலைகளை உதிர்த்தது. வைத்தியலிங்கம் அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷம் இங்கேதான் ஒளிந்திருந்தீர்களா என்று சொல்லிக்கொண்டே கொள்ளியை உயர்த்தினார். முசுறுகள் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு ஓடின. முக்கால்வாசி கருகிப்போயின. தாய் முசுறு கூட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. மிஞ்சினவை வேலியோரப் புளிய மரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள் மரத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்கழிப் பனியில் தளிர் விட்டது. தையில் பூங்கொத்து வந்தது. தேயிலைக் கொசு தன் சனத்தோடு வந்து இறங்கி, தளிர் தளிராக ஊசி வாயைச் செருகியது. பட்ட இடமெல்லாம் கறுத்தது.

"பூவையாவது விட்டுடு. பூக்கலைன்னா என்னை வெட்டிடுவாங்க" என்று மரம் அழுதது.

"கடிக்கலையே, உறிஞ்சத்தானே செய்றேன்" என்றது தேயிலைக் கொசு. பணிவு கொஞ்சமும் குறையவில்லை.

மாசிக்குள் பூவெல்லாம் தீய்ந்து தொங்கியது. மரம் வெட்கத்தை விட்டுப் புளிய மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டது. கிழட்டு முசுறு ஒன்று வந்தது. கிளை கிளையாக ஏறி இறங்கிப் பார்த்தது.

"கோபமெல்லாம் இல்ல" என்றது. "கூடு தைக்க இளசா இலை வேணும். ஒண்ணுகூட மிச்சமில்லையே, நாங்க எங்க குடியிருக்கிறது?"

அது வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பங்குனியில் வைத்தியலிங்கம் கோடாலியோடு வந்தார். இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமே என்று அஞ்சலாட்சி தயங்கினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவைக்கிளையில் கால் வைத்தார். ஏறி உட்கார்ந்து, அடிமரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"முன்னெல்லாம் இதுல ஏற முடியுமா?" என்றார் அவளிடம். "இப்ப ஒரு எறும்புகூட இல்ல. சுளுவா வெட்டிப்புடலாம்."