காது இருக்கும் இடம்

“மீட்டர் சரிங்குது. அந்தம்மா இல்லீங்கறாங்க. நான் யாரை நம்பறதுங்க அம்மணி?”

கேட்டுவிட்டு நல்லமுத்து தோள்பையைக் கடை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்திலேயே பாதிக் கோபம் தெரிந்தது.

தெய்வானை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவில் தக்காளி சாதம். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் ஐம்பதைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்று ஊர் ஊராகப் போய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். முழங்கால் வலி வந்து ஏணி ஏற முடியாமல் போனதும், வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைக்கும் வேலையைப் படிக்க அவளிடம் வந்து சேர்ந்தார்.

மகள் வயதுப் பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று டீக்கடையில் சிரித்தார்கள். அது அவருக்கு உறைக்கவே இல்லை. வேலை தெரிந்தவளிடம் படிப்பதில் என்ன வெட்கம்?

வந்த முதல் நாள் அவள் சவுண்ட் மீட்டரை அவர் கையில் கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் கருவி. நுனியில் ஒரு சின்ன மைக், நடுவில் ஒரு முள்.

“இதை எங்க வெக்கணும்னு தெரிஞ்சுக்குங்ணா. மத்ததெல்லாம் ரெண்டு நாள் வேல.”

“காது இருக்கற எடத்துலதானுங்க?”

“ஆமாங்ணா.”

“அப்ப சோபாவுக்கு நடுவுல.”

அவள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். பிறகு போன வீடுகளிலெல்லாம் சோபாவின் நடுவில்தான் மீட்டரை ஸ்டாண்டில் நிறுத்தினார். எல்லா வீட்டுக்காரர்களும் மெச்சினார்கள். இந்த வீட்டில்தான் மாட்டிக்கொண்டார்.

“மொதல்ல இருந்து சொல்லுங்ணா,” என்றாள் தெய்வானை.

“வடவள்ளியில ரங்கராசுன்னு ஒருத்தருங்க. போன வருசம் தவறீட்டாரு. திவசத்துக்குன்னு ஊட்டுக்கு வெள்ளையடிச்சிருக்காங்க. பெயிண்டருங்க ஒயரையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டாங்க. மாட்டிக் குடுங்கன்னு அந்தம்மா கூப்புட்டாங்க.”

“மாட்டிக் குடுத்தீங்களா?”

“குடுத்தேனுங்க.”

“அப்பறம்?”

நல்லமுத்து சட்டைப் பொத்தானைத் திருகினார். வினையெல்லாம் அந்த அப்புறத்தில்தான் இருந்தது.

ஒயரை மாட்டியதோடு அவர் வந்திருக்கலாம். கற்ற வித்தை கையில் நமநமவென்றது. எந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு எவ்வளவு சத்தம் வைத்திருக்கிறது என்று ஆம்ப்ளிஃபயரின் அளவுகளைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பின்பக்கத்து இடது பெட்டிக்குச் சத்தம் வாரி இறைத்திருந்தது. வலது பெட்டியின் கழுத்தை நெரித்திருந்தது. கனத்த சத்தத்துக்கான ஊஃபர், சுவர் அதிரும் அளவுக்கு ஏற்றிக் கிடந்தது.

“யாருங்கம்மா இப்படி வெச்சது? பொட்டியப் பத்தி ஒண்ணுந் தெரியாத ஆளாட்ட இருக்குது,” என்று அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே கேட்டார்.

“எங்க ஊட்டுக்காரருங்க,” என்றார் சுலோச்சனா.

அதற்குப் பிறகாவது வாயை மூடியிருக்கலாம். பாவம், தெரியாத வேலையில் கை வைத்திருக்கிறார் என்று செத்துப்போன மனிதர்மேல் பரிதாபமும் பட்டார். கூலி கேட்காமலே எல்லாப் பெட்டியையும் அளந்து, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நல்லது செய்த நிம்மதியோடு வீடு திரும்பினார்.

மறுநாளே போன் வந்தது. பழையபடியே வைத்துக் கொடுங்கள் என்று.

“பழசு நெனவிருக்குதுங்களா?” தெய்வானை கேட்டாள்.

“தப்பா வெச்சத யாருங்க அம்மணி நெனவு வெச்சுக்குவாங்க?”

“தப்புன்னு மீட்டர் சொல்லுச்சா, நீங்க சொன்னீங்களா?”

நல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. குரல் ஏறியது.

“மறுபடியும் போயி அளந்தேனுங்க. முள்ளு ஆடாம அசையாம நிக்குது. சத்தம் வருது, அவரு வரலீங்கறாங்க அந்தம்மா. அதுக்கு நான் என்னங்க பண்றது? அதுக்கெல்லாம் மீட்டர் இருக்குதுங்களா?”

பிறகு குரலைத் தணித்து, “சொல்லீட்டு அழுதுட்டாங்க,” என்றார்.

தெய்வானை இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“நீங்க அளந்தப்ப அந்தம்மா எங்க உக்காந்திருந்தாங்க?”

“சோபாவுல. நாந்தான் உக்கார வெச்சேன். நடுவுல உக்கார மாட்டேன்னு ஓரமா உக்காந்தாங்க.”

அவள் டப்பாவை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

“வாங்க போலாம்.”

வீட்டில் இன்னும் பெயிண்ட் வாசனை அடித்தது. பெரிய கூடம். டிவிக்கு மேலே ரங்கராசுவின் படம், சந்தன மாலையோடு. எதிரே நீளமான சோபா. அதன் நடுவில் ஒரே ஆள் பல வருஷம் உட்கார்ந்ததில் விழுந்த பள்ளம். பெயிண்டர்கள் எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பள்ளத்தை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சுலோச்சனா ஆளுக்கொரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். முகத்தில் கூச்சம்.

“உங்கள ரொம்பச் செரமப்படுத்தறனுங்க. புதுசா ஒண்ணும் கேக்கலீங்க. இருந்தது போயிருச்சு. அதத்தான் கேக்கறேன்.”

“அவரு சத்தம் நெறைய வெச்சுக் கேப்பாருங்களா?” என்றாள் தெய்வானை.

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. “அத ஏனுங்க கேக்கறீங்க! அவருக்குக் காது மந்தமுங்க. ரெண்டு வசனத்துக்கு ஒருக்கா என்னைப் பார்த்துத் திரும்புவாரு. ‘என்ன சொன்னான் சுலோ? என்ன சொன்னா?’ அதேதான். நான் சமையக்கட்டுல இருந்து சொல்லோணும். செவிடனுக்கு எதுக்கு இத்தன பொட்டின்னு திட்டுவேன். சொந்தக்காரங்க முன்னாடி கூடச் சொல்லிப்போட்டேன்.”

“டாக்டருகிட்டக் காட்டலீங்களா?”

“இழுத்துட்டுப் போனேன். காது நல்லாத்தான் இருக்குதுன்னாரு. அந்த டாக்டருக்கே காது கேக்காதாட்ட இருக்குதுன்னு வந்துட்டேன்.” மோர்ச் சொம்பைத் துடைத்தபடி சொன்னார். “எத்தன திட்டுனாலும் சிரிப்பாருங்க. ஒரு நாளும் பதில் பேசுனதில்ல.”

நல்லமுத்து பையிலிருந்து ஸ்டாண்டை எடுத்தார். நேராகச் சோபாவின் நடுவுக்குப் போனார்.

தெய்வானை கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“ஒரு படம் போடறனுங்கம்மா. அவரு இருக்கறப்ப எப்படிப் பாப்பீங்களோ, அப்படியே பாருங்க.”

சுலோச்சனா தயங்கினார். பிறகு சமையற்கட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்தார். கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே, வாசற்படியை ஒட்டிப் போட்டார். ஒரு கண் டிவியில், ஒரு கண் அடுப்பில் இருக்கும்படி சாய்ந்து உட்கார்ந்தார்.

நல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “அங்க எதுக்குங்கம்மா? இத்தன பெரிய சோபா கெடக்குது!”

“அது அவரு எடமுங்க. இங்கதான் நான். அடுப்புல என்னமாச்சும் இருந்துட்டே இருக்கும். ஆரம்பத்துல கூப்புடுவாரு. ‘வா, ஒருக்கா இங்க வந்து உக்காந்து கேளு’ன்னு. பால் பொங்கிருமுங்கன்னு சொல்லிப்போடுவேன். அப்பறம் கூப்புடறத உட்டுட்டாரு.”

குரல் தணிந்தது.

“சரி, பொட்டி இருந்தாப் போதும், பொண்டாட்டி எதுக்குன்னு நெனச்சுட்டாருன்னு நானும் உட்டுட்டேன். அந்த வருத்தம் எனக்கு இருந்துச்சுங்க. அவரு போன பின்னாடியும் இருக்குது. பொய் சொல்லக் கூடாது.”

தெய்வானை நல்லமுத்துவின் கையிலிருந்து ஸ்டாண்டை வாங்கினாள். சமையற்கட்டு வாசலுக்குப் போனாள். நாற்காலியை ஒட்டி அதை நிறுத்தி, சுலோச்சனாவின் காதுக்கு நேராக மீட்டரைப் பொருத்தினாள்.

சுலோச்சனா திரும்பி அதைப் பார்த்தார்.

“இது அவருகிட்டயும் இருந்துச்சுங்க.”

சுலோச்சனா விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒரு நாளு நான் இங்க உக்காந்து அவரக்கா நறுக்கீட்டிருக்கறேன். இதக் கொண்டாந்து என்ற காதுகிட்டப் புடிச்சுட்டு நிக்கறாரு. அசையாத, கொஞ்சம் அசையாதங்கறாரு. காச்சல் பாக்கறீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. ஒவ்வொரு பொட்டியா உஸ்ஸு உஸ்ஸுங்குது. சாம்பார் அடிப்புடிக்குது, போங்கன்னு தொரத்தி உட்டேன்.”

நல்லமுத்து ஆம்ப்ளிஃபயரின் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

“சத்தம் வையுங்ணா,” என்றாள் தெய்வானை.

அவர் வைத்தார்.

உஸ்ஸென்ற இரைச்சல், மழை ஓட்டின்மேல் பெய்வதுபோல, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர்ந்தது. பின்பக்கத்து இடது பெட்டி கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அதன் சத்தம் மெலிந்துபோனது. ஏற்றினார். போதவில்லை. இன்னும் ஏற்றினார். வலது பெட்டி நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது. முள் துள்ளியது. இறக்கினார். இன்னும் இறக்கினார்.

ஊஃபரின் கனத்த சத்தம் அந்த வாசலில் தங்கவே இல்லை. திறந்த கதவு வழியாகச் சமையற்கட்டுக்குள் போய்க் கலைந்துவிட்டது. ஏற்றிக்கொண்டே போனார். ஒரு வழியாக முள் வந்து நின்றது.

எல்லாம் முடிந்து திரையில் அளவுகளைப் பார்த்தார்.

தப்பாக வைத்ததை யார் நினைவில் வைப்பார்கள் என்று கேட்டவர்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாரி இறைத்த இடது. கழுத்தை நெரித்த வலது. சுவர் அதிரும் ஊஃபர். ரங்கராசு வைத்த அதே கோணல், இம்மி பிசகாமல் திரும்பி வந்திருந்தது.

 டிவிக்கு மேலே இருந்த ரங்கராசுவின் படத்தை நல்லமுத்துவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தெய்வானை படத்தை ஓடவிட்டாள்.

ஏதோ ஒரு பஸ் நிலையம். மழை. ஆட்கள் கலைந்து ஓடும் சத்தம். சமையற்கட்டு வாசலில் மழை நாலு பக்கமும் பெய்தது. அதன் நடுவே, பேசுகிறவர்களின் குரல் பக்கத்தில் நின்று சொல்வதுபோல வந்தது.

சுலோச்சனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

“இதானுங்க,” என்றார். “இதேதான். வந்துட்டாரு.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது. மீட்டரைப் பார்த்தார். பிறகு சோபாவைப் பார்த்தார்.

“ஏனுங்க,” என்றார். “இங்க இப்படிக் கேக்குதுன்னா, அவரு உக்கார்ற எடத்துல எப்படிக் கேக்குமுங்க?”

நல்லமுத்துவுக்குப் பதில் தெரியும். தெய்வானை அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

அவள் சொல்லவில்லை. சோபாவுக்குப் போனாள். பள்ளத்தின்மேல் கிடந்த குஷனை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒதுங்கி நின்றாள்.

சுலோச்சனா எழுந்தார். அந்தக் கூடத்தைக் கடக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. சோபாவின் முன்னால் நின்று ஒரு தரம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் எதுவும் இல்லை.

கணவரின் பள்ளத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. இடது காதுக்குப் பின்னால் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஊஃபர் காலடியில் உறுமியது. திரையில் ஒருத்தி, பஸ் ஏறப் போகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. சொல்லை மழையும் உறுமலும் தின்றுவிட்டன.

சுலோச்சனா முன்னால் குனிந்தார். காதைத் தீட்டிக்கொண்டார். திரையில் இருந்தவள் மறுபடியும் ஏதோ சொன்னாள்.

சுலோச்சனாவின் கழுத்து தன்னால் சமையற்கட்டு வாசல் பக்கம் திரும்பியது.

“என்ன சொன்னா?” என்று கேட்டார்.

வாசலில் காலி நாற்காலி இருந்தது. அதன் பக்கத்தில் நல்லமுத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டிருந்தது.