சிட்டம்மாவின் ரத்தம் போன வழி

வடமலை இருபது வருஷம் ராணுவ மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு ஆற்றோரத்து வெற்றிலைக் கிராமம் ஒன்றில், சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அங்கே இருந்த டாக்டர் எஸ்தர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். வடமலை அதைப் பொருட்படுத்தவில்லை. நோயை இனம் காணும் வித்தையை இந்த அம்மாவிடம்தான் கற்பது என்று முடிவு செய்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெற்றிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் காத்தாயி தன் மருமகள் சிட்டம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“ஊசி கீசி ஏதாச்சும் போடுங்க. இல்லேன்னா சாயங்காலம் இவ அண்ணன் வரான், அவனோடவே அனுப்பிடப் போறேன்.”

“என்ன பண்ணுது?” என்றார் வடமலை.

“ஒண்ணும் பண்ணலே. சோம்பேறித்தனம். ஒரு கவுளி, நூறு வெத்தலை கிள்றதுக்குள்ள மூணு தடவ உட்கார்றா. உலைக்கு வச்ச அரிசியப் பச்சையா அள்ளித் திங்கிறா.”

சிட்டம்மாவுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். இங்கே வரை நடந்து வந்ததிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வடமலை அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார். குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று என்று காட்டியது.

டாக்டரின் அறைக்கு ஏறக்குறைய ஓடினார்.

“கண்டுபிடிச்சிட்டேன் டாக்டரம்மா! ரத்தசோகை! இரும்புச்சத்து இல்லே. அரிசியப் பச்சையா திங்கிற ஆசைகூட அதனாலதான். மாத்திரை குடுத்து அனுப்பிடவா?”

எஸ்தர் அவர் எண்ணை எழுதிவந்த சீட்டைப் பார்த்தார். “சரியாத்தான் சொல்றீங்க. அந்த ரத்தம் எங்க போச்சு?”

வடமலை திரும்பிப் போய் விசாரித்தார். வீட்டில் கீரையும் மீனும் குறைவில்லை. மாதவிலக்கு மூன்று நாள், அதிகப் போக்கு கிடையாது. குழந்தை பிறந்து ஆறு வருஷம் ஆகிறது. மூலநோயும் இல்லை.

“எங்கயும் போகலேங்கிறாங்க டாக்டரம்மா. எட்டு புள்ளி ஒண்ணு கையில இருக்கு. இதுக்கு மேல என்ன கண்டுபிடிக்கணும்?”

எஸ்தர் மேசை இழுப்பறையைத் திறந்து, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“அவங்க வேலை பார்க்கிற இடத்தைப் பார்த்துட்டு வாங்க அண்ணே. வரும்போது இதுல மலம் வாங்கிட்டு வாங்க.”

வடமலையும் மாமியார் மருமகளும் வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலுக்குப் போனார்கள். உள்ளே அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி படர்ந்து பகலிலேயே இருட்டாக இருந்தது. வாசலில் காத்தாயி அவரை நிறுத்தினாள்.

“செருப்பக் கழட்டுங்க. கொடிக்காலுக்குள்ள செருப்பு ஆகாது.”

வடமலை கழற்றினார். ஈர மண்ணில் கணுக்கால் வரை புதைந்தது. முன்னால் நடந்த சிட்டம்மா நின்று, கால் விரலிடுக்கைச் சொறிந்தாள்.

“என்னம்மா அது?”

“சேத்துப்புண்ணுங்க. மழைக்கு எல்லாருக்கும் வரும்.”

“காலைக்கடனுக்கு எங்க போவீங்க?”

அவள் கூச்சத்தோடு வாய்க்கால் கரையைக் காட்டினாள். கொடிக்காலுக்குத் தண்ணீர் அந்தக் கரையை ஒட்டித்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

வடமலை அந்தக் கரையைப் பார்த்தார். ஈர மண்ணைப் பார்த்தார். அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். சிட்டம்மா நிரப்பித் தந்த டப்பாவோடு அவர் திரும்பி வந்த வேகத்தில் செருப்பை மறந்தே போனார். மாமியாரும் மருமகளும் பின்னாலேயே வந்தார்கள்.

கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துத் திருகினார். முதலில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். மெல்லிய ஓட்டுக்குள்ளே கண்ணாடி மாதிரி ஒரு முட்டை. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் நாலு.

“டாக்டரம்மா! வாங்க, வாங்க! கொக்கிப்புழு! கரை மலத்துல இருந்து ஈர மண்ணுக்கு வந்து, கால் வழியா ஏறியிருக்கு! குடல்ல தொங்கிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சுது!”

எஸ்தர் குனிந்து பார்த்தார். அவர் முகமும் மலர்ந்தது. “அருமை அண்ணே!”

வடமலை தாழ்வாரத்துக்குப் பாய்ந்தார். “காத்தாயி! உன் மருமக சோம்பேறி இல்லே! அவ வயித்துல புழு இருந்து ரத்தம் குடிக்குது. மாத்திரையில சரியாப் போகும்!”

சிட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “புழுவா?” என்று காத்தாயி வேகமாக எழுந்தாள். எழுந்தவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள்.

“ஒண்ணுமில்லே. எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும். நான் எப்பவும் இப்படித்தான்.”

எஸ்தர் வெளியே வந்து அவளைத் தாங்கி உட்கார வைத்தார். பிறகு வடமலையைப் பார்த்தார்.

வடமலை காத்தாயியின் இமையை இழுத்தார். விரலில் குத்தினார். ஏழு புள்ளி நான்கு. மருமகளைவிடக் குறைவு.

அவர் எண்ணைச் சொன்னதும் காத்தாயி மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

“இவ வயசுல நானும் மூணு தடவ உட்காருவேன்,” என்றாள். “எங்க மாமியாக்காரி சோம்பேறின்னுதான் கூப்பிடுவா. அப்புறம் பழகிப்போச்சு.”

சிட்டம்மாவின் பக்கம் திரும்பினாள். “உங்க அண்ணனுக்குப் போன் போடு. கூட்டிட்டுப் போக வரவேணாம், சும்மா சாப்பிட வரச் சொல்லு.”

சிட்டம்மாவுக்குப் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள். காத்தாயிக்கும் அதே மாத்திரைகளைத் தந்து, மறுநாளே பெரியாஸ்பத்திரியில் காட்டச் சீட்டு எழுதினார் எஸ்தர். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள்.

வடமலைக்குப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை. ஆனால் ஏதோ உறுத்தியது.

“ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன் டாக்டரம்மா. காத்தாயியைத் தினம் பார்க்கிறேன். என் கண்ணுல எப்படிப் படாமப் போச்சு?”

எஸ்தர் தெருவைப் பார்த்தார். கொடிக்காலுக்குப் போகும் பெண்கள் வரிசையாக, மெதுவாக, நின்று நின்று நடந்துகொண்டிருந்தார்கள்.

“ஊரே வெளுத்துக் கெடந்தா, அதான் மனுச நிறம்னு கண்ணு நம்பிடும் அண்ணே.”