அறுபது லிட்டர் பால்

அடிபிடித்த பாலைக் கிளறாதே என்று எங்கள் ஊர் மாதா கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை ஒருவர் சொல்வார். பிரசங்கம் போல இழுத்துச் சொல்வார். அதற்குப் பின்பாதி ஒன்று உண்டு. அள்ளிக்கொள் என்பதா, ஆறவிடு என்பதா, எனக்கு நினைவில் இல்லை.

பிரகாசி மாஸ்டர் அப்படிப் பேச்சுப் பேசுகிறவர் இல்லை.

அவர் முப்பத்தெட்டு வயதுப் பெண்; ஊருக்கு மாஸ்டர். உடன்குடிப் பக்கம் எந்தக் கோயிலில் அசனம் என்றாலும் அடுப்பு அவருடையது. திருவிழா முடிவில் ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு அங்கே அசனம் என்று பெயர். மாஸ்டர் கடிகாரம் பார்ப்பதில்லை. ஜெபம் சொல்லித்தான் நேரம் அளப்பார். கடுகு பொரிய, 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தில் பாதி, அரை மரியே. பருப்பு குழைய இரண்டு ஜெபமாலை. உதடு அசைந்துகொண்டிருந்தால் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

அவரிடம் கற்க வந்தவனுக்கு அவரைவிட மூன்று வயது கூடுதல். பெயர் மிக்கேல். ஊர் டென்மார்க்.

"மிக்கேலா? நம்ம ஊர்ப் பேருல்லா!" என்றான் சூசை. அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறுவது அவன் வேலை. "ஞானஸ்நானம் எந்தக் கோயில்ல?"

"பேர் வச்சது என்ர டெனிஷ் அம்மா."

"மூஞ்சி நம்ம மூஞ்சி. பேரு நம்ம பேரு. பேச்சு மட்டும் இலங்கை ரேடியோ மாதிரில்லா இருக்கு."

மிக்கேல் சிரித்துவிட்டுச் சொன்னான். ஐந்து வயதில் இந்தப் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து அவனைத் தத்தெடுத்துக் கொண்டுபோனார்கள். ஒரு வருடத்தில் தமிழ் மறந்துபோயிற்று. பதினாறு வயதில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனான். பக்கத்துத் தொட்டியில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருவர். போன தமிழ் அவர்கள் வாயிலிருந்து திரும்பி வந்தது. பிறகு தொட்டியிலிருந்து காய் வெட்டும் மேசைக்கு. மேசையிலிருந்து சமையல் பள்ளிக்கு. அங்கிருந்து அடுப்புக்கு. இப்போது பெரிய உணவகம் ஒன்றில் தலைமைச் சமையல்காரன்.

அவனை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரு பால். வற்றக் காய்ச்சிய இனிப்புப் பால். அதில் புகை வாசம். புகைக்குப் பின்னால், நாக்கில் லேசாக உறைக்கும் ஒரு பச்சை வாசம். இந்த நாட்டிலிருந்து அவன் கொண்டுபோனது அந்த ருசி ஒன்றுதான். உணவுப் பட்டியலில் அதற்கு 'அம்மாவின் பால்' என்று பெயர்.

இன்னும் நாற்பது நாளில் சொந்தமாகக் கடை திறக்கிறான். கடைக்கும் 'அம்மா' என்றே பெயர் வைக்க இருந்தான். ஆனால் பால் இன்னும் சரியாகக் கூடிவரவில்லை. புகைக்கு வைக்கோலை எரித்துப் பார்த்தான், கட்டைகளை எரித்துப் பார்த்தான். பச்சை வாசத்துக்குத் துளசி, ஓமவல்லி, புதினா. கிட்டே வந்தது. அதுவாகவில்லை. அந்த இலை எதுவென்று கேட்கத்தான் வந்தான்.

வந்த அன்றே பாலைக் காய்ச்சி ஒரு போத்தலில் கொடுத்தான். மாஸ்டர் ஒரு மடக்குக் குடித்தார். மூடியைத் திருகினார். மூலையில் கிடந்த வெங்காய மூட்டையைக் காட்டினார்.

ஒரு வாரம் கழித்து மிக்கேல் கேட்டான்.

"மாஸ்டர், அது என்ன இலை?"

"வெங்காயம் முடிஞ்சுதா அண்ணாச்சி?"

அடுத்த வாரம் கேட்டான்.

"மாஸ்டர், இலை?"

"இஞ்சியைத் தோல் சீவுங்க."

"இஞ்சி இலையா இருக்குமோ?" என்றான் சூசை.

மூன்றாவது வாரம் ஒரு கடற்கரை ஊரில் அசனம். தொள்ளாயிரம் இலை. பாயசத்துக்கு இரண்டு அண்டா, ஒவ்வொன்றிலும் அறுபது லிட்டர் பால். அன்று மிக்கேல் வெங்காயத்தைத் தொடவில்லை. மாஸ்டர் முன்னால் வந்து நின்றான்.

"நாலு நாளில எனக்கு விமானம். இண்டைக்குக் கடைப் பலகை எழுதுறவருக்குப் பேர் சொல்ல வேணும். சொல்லுங்கோ மாஸ்டர். என்ர அம்மா அந்தப் பாலில என்ன போட்டவ?"

மாஸ்டர் அவனைப் பார்த்தார். பிறகு சூசையைப் பார்த்தார்.

"சூசை, துடுப்பை வெளிய எடு."

"வத்துற நேரம் மாஸ்டர். கை எடுத்தா பிடிச்சிரும்."

"எடு. போய் டீ குடி."

சூசை எடுத்தான். டீக்குப் போகவில்லை.

மாஸ்டர் குனிந்து அந்த அடுப்பில் இன்னும் இரண்டு விறகு தள்ளினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அருள் நிறைந்த மரியே..."

ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவதில் வாசம் மாறியது.

"மாஸ்டர், அடிபிடிக்குது!"

மாஸ்டர் ஜெபத்தை நிறுத்தவில்லை. நாலு.

மிக்கேல் சூசை கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். யோசித்துச் செய்ததில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகப் போயிற்று. மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியை அசைக்க முடியவில்லை.

"விடுங்கோ! பால் எரியுது!"

ஐந்து.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் துருவியை விட்டு எழுந்தார்கள். அசனப் பால் தீய்ந்து அந்த ஊர் பார்த்ததில்லை. கோயில் கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"ஏ பிரகாசி! கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? ஊர்ப் பாலு!"

அவர் கத்திக்கொண்டே இருந்தார். மாஸ்டர் எண்ணிக்கொண்டே இருந்தார். சூசை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பத்தாவது மரியே முடிந்தபோதுதான் மாஸ்டர் மிக்கேலின் கையை விட்டார்.

விறகை வெளியே இழுத்தார். கிளறவில்லை. மேல் பாலை மட்டும் மெதுவாக மொண்டு வேறொரு பாத்திரத்தில் ஊற்றினார். பந்தி முடிந்ததும் கொடுக்க வைத்திருந்த தாம்பூலத் தட்டிலிருந்து வெற்றிலையை இரண்டு கையாலும் அள்ளிப் பாலில் போட்டார். பாத்திரத்தைத் தணலில் வைத்து மூடினார். ஐந்து மரியே. ஒரு தம்ளரில் மொண்டு நீட்டினார்.

தீய்ந்தால் கொட்டு, மறுபடி தொடங்கு. சமையல் பள்ளியில் மிக்கேலுக்கு முதல் நாள் சொன்ன பாடம் அது. தீய்ந்த பாலை அவன் ஒருபோதும் வாயில் வைத்ததில்லை. தம்ளரை வாங்கத் தயங்கினான். பிறகு வாங்கிக் குடித்தான்.

தம்ளர் சரிந்தது. சூடான பால் விரலில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"இதுதான்," என்றான். மறுபடியும் குடித்தான். "இதேதான். வெத்திலை! என்ர அம்மா வெத்திலை போட்டவ!"

"அண்ணாச்சி," என்றார் மாஸ்டர், "எந்த அம்மை வீட்டுல அறுபது லிட்டர் பால் காச்சுவா?"

மிக்கேலுக்கு விளங்கவில்லை.

"நாலு பேருக்கு வச்ச பால் அடிபிடிச்சா மொத்தமும் கசந்திரும். கொட்ட வேண்டியதுதான். கீழ தீயணும், மேல இனிப்பு நிக்கணும், வாசம் மட்டும் ஏறணும்னா அண்டா வேணும். உங்க நாக்குல நிக்கது வீட்டுப் பால் இல்ல. பிள்ளைக இல்லத்துப் பால்."

கமிட்டித் தலைவர் வாயை மூடினார். எதற்காக ஓடிவந்தார் என்பது அவருக்கே மறந்துபோனது போல நின்றார்.

"இல்லை," என்றான் மிக்கேல். "எனக்குத் தெரியும். அது அம்மா."

"முகம் ஞாபகம் இருக்கா?"

கையிலிருந்த தம்ளரைப் பார்த்தான்.

"தம்ளர் ஞாபகம் இருக்கு," என்றான்.

"எப்படித் தம்ளர்?"

"அலுமினியம். அடியில நம்பர் வெட்டியிருக்கும். என்ரது முப்பத்தொ..."

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததை அப்போதுதான் அவன் கேட்டான்.

சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நின்ற இடத்திலேயே மிக்கேல் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"பத்திரிகைக்காரருக்குச் சொன்னனான். மேடையில சொன்னனான். என்ர டெனிஷ் அம்மா ஒவ்வொரு தரமும் அதைக் குடிச்சிட்டு அழுவா. 'உன் அம்மா என்னைவிட நல்லாச் சமைச்சிருக்கிறா' எண்டு அழுவா. அவவுக்கு நான் இனி என்ன சொல்ல? இவ்வளவு வருசமும் ஆரோ செய்த பிழையையா நான் காய்ச்சினனான்?"

"பிழைதான்," என்றார் மாஸ்டர். "எத்தனை நாள் குடிச்சிய?"

"எல்லா நாளும். விடியக் காலமை."

"அப்போ எல்லா நாளும் அடிபிடிச்சிருக்கு. மாத்திக் கிளற ஆள் இல்ல. பிள்ளைகளை எழுப்பணும், அடுப்பையும் பாக்கணும். அடுப்புல நின்ன பொம்பள ஒத்தையில கிடந்து அல்லாடியிருக்கா."

"அப்ப வெத்திலை?"

"பிள்ளைகளுக்குன்னு இல்லத்துல வெத்திலை வாங்கிப் போடுவாவளா? அவ வாயில போடுறதுக்கு மடியில வச்சிருந்ததைத் தீஞ்ச வாசம் மறையப் பாலுல போட்டிருப்பா."

மிக்கேல் தம்ளருக்குள் பார்த்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"உங்களுக்கு முதல் நாளே தெரியும். அந்த ஒரு மடக்கிலேயே தெரியும். ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா இவ்வளவு வெங்காயம் யாரு உரிப்பா?"

யாரோ சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"வாயால சொல்லியிருந்தா என்னைத்தான் பொய்க்காரின்னு சொல்லியிருப்பிய. உங்க நாக்கை அப்படிச் சொல்ல முடியாதுல்லா."

கோயில் மணி அடித்தது. ஊர் பந்திக்கு உட்காரத் தொடங்கியது. தலைவருக்குத் தன் கோபம் திரும்ப நினைவுக்கு வந்தது.

"இந்தப் பாலை என்ன செய்யப்போற?"

"ரெண்டு அண்டாப் பாலையும் கலந்து பாயசமா விடப்போறேன். ஒரு வாய் முகம் சுளிச்சாலும் அடுத்த வருசம் வேற ஆளைக் கூப்பிட்டுக்கிடுங்க. நான் இந்த ஊர்ப் பக்கம் வரல."

சூசை மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தான். அவர் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

சோறு போயிற்று. சாம்பார் போயிற்று. கூட்டு போயிற்று. அதற்குள் பாயசத்தில் அரிசி வெந்து, சீனி கரைந்து, வெற்றிலையை வெளியே எடுத்தாயிற்று. மாஸ்டர் வாளிகளை நிரப்பினார். ஒரு வாளியை மிக்கேல் காலடியில் வைத்தார்.

அவன் எழுந்தான். வாளியை எடுக்கவில்லை.

"அம்மா எண்டு எனக்கு இருந்தது அது ஒண்டுதான், மாஸ்டர். அதையும் எடுத்துப்போட்டியள். இனி நான் ஆரை நினைச்சுச் சமைக்கிறது?"

மாஸ்டர் வாளியைத் தூக்கி அவன் கையில் மாட்டினார்.

"வெளிய இலை போட்டு உக்காந்திருக்காவ. எந்த இலையில அம்மை இருக்கவன், எந்த இலையில இல்லாதவன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் ஊத்துவோம்."

மிக்கேல் பந்திக்குள் போனான். வாளி காலியாகும்வரை ஒரு முகமும் சுளிக்கவில்லை.

அன்று மாலை கடைப் பலகை எழுதுகிறவருக்குச் செய்தி அனுப்பினான். 'அம்மா' என்ற பெயர் வேண்டாம் என்றான். பலகையில் வரும் உணவுப் பட்டியலின் முதல் வரியில் பால் என்று மட்டும் இருக்கட்டும், அதன் கீழே 'அடிபிடித்தது, வெற்றிலை போட்டது' என்று எழுதுங்கள் என்றான்.