ஒச்சம்மாவின் தோட்டா லைசென்ஸ்

உத்தரவு போடுவது சுலபம். போட்ட உத்தரவோடு குடித்தனம் நடத்துவது இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு. நம்பிக்கை இல்லையென்றால் குமிழியூர் ராஜா கொண்டம நாயக்கர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அரண்மனை உத்தரவுகளை எழுதுகிறவர் ராயசம் திருவேங்கடம். கெட்டிக்காரர்தான், ஆனால் தான் எழுதியதெல்லாம் வேதம் என்று நினைப்பு. ஊரில் ஆளாளுக்கு ரைபிள் தோட்டா அடைக்கிறார்கள் என்று ராஜாவின் காதைக் கடித்து, ஒரு சட்டம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். தோட்டா அடைப்பது என்றால் வேறொன்றுமில்லை. சுட்டபின் விழுகிற பித்தளைக் குப்பியைப் பொறுக்கி, அதிலேயே மறுபடி வெடிமருந்தும் ஈய ரவையும் அடைத்துக்கொள்வது. புதுத் தோட்டா வாங்க வக்கில்லாதவர்கள் செய்கிற வேலை.

சட்டம் இதுதான்: "எவர் வீட்டிலும் மருந்தோ ரவையோ இருக்கலாகாது. இருந்தால் வீட்டுக்கு உடையவருக்கு ஆறு மாதச் சிறை. லைசென்ஸ் இல்லாமல் எவரும் தம் வீட்டில் தோட்டா அடைக்கலாகாது. லைசென்ஸ் வேண்டுவோர் தாம் அடைத்த தோட்டா ஒன்றை அரண்மனைக் கச்சேரியில் காட்ட வேண்டும்."

மலையடிவாரத்தில் சோளம் போட்டு, பன்றி விரட்ட ஒரு துப்பாக்கியும் வைத்திருந்த ஒச்சம்மா, சட்டத்தை மதிக்கிறவள். முந்தானையில் ஒரு தோட்டாவை முடிந்துகொண்டு கச்சேரிக்கு வந்தாள்.

"நேத்துதான் கத்துக்கிட்டேன் சாமி. இதான் மொதத் தோட்டா. லைசென்சு குடுங்க."

"லைசென்ஸ் இல்லாமல் அடைத்தாயா?" என்றார் ராயசம். "பிடி இவளை."

சபையில் விகடம் பேசுகிற தாண்டவம் பிள்ளை அப்போது கச்சேரி வாசலில்தான் நின்றிருந்தார். ஒச்சம்மா அழவில்லை. "கதிரு பால் பிடிக்கிற நேரம் ஐயா. ஆறு மாசம் கழிச்சு வந்தா காட்டுல பன்னி மட்டும்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேவகர் பின்னால் போனாள். பிள்ளைவாளுக்கு மனசு கேட்கவில்லை. நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, லைசென்ஸ் இருந்தால்தான் தோட்டா அடைக்கலாம். தோட்டா அடைத்தால்தான் லைசென்ஸ். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதையாக இருக்கிறதே."

"கையெழுத்துப் போட்டாயிற்று, தாண்டவம். ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எழுத்துக்கு எழுத்து நடக்கட்டும்."

"உத்தரவு. நடத்துகிற வேலையை எனக்கே கொடுங்கள்."

ராஜா கொடுத்தார். கொடுத்ததை மறந்தும் போனார்.

மறுநாள் காலை ராஜா பலகாரத்துக்கு உட்கார்ந்தார். இலை போட்டிருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது. உப்புமாவைக் காணோம்.

"எங்கேடா சமையற்காரன்?"

"சிறையில் இருக்கிறான் மகாராஜா" என்றார் தாண்டவம். "மடைப்பள்ளியில் ஒரு பானை ரவை பிடிபட்டது."

ராஜாவுக்குக் கோபத்தில் வாயு ஏறிக்கொண்டது. மார்பைப் பிடித்துக்கொண்டு, "வைத்தியரைக் கூப்பிடு" என்றார்.

"அவரும் உள்ளேதான். வீடு முழுக்க மருந்து. ராயசத்தின் மாமியாரும் ஒரு செம்பு கஷாயத்தோடு அகப்பட்டார்."

பக்கத்தில் நின்ற ராயசம் முகத்தில், மாமியாருக்காகப் பெரிய துக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தன் எழுத்துக்கு ஆபத்து என்றதும் பதறிவிட்டார்.

"அது வேறு ரவை ஐயா, வேறு மருந்து!"

"எந்த ரவை, எந்த மருந்து என்று நீர் எழுதவில்லையே. ஓர் எழுத்துக் கூட்டக்கூடாது என்பது உத்தரவு." தாண்டவம் ராஜா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "யோசித்துப் பார்த்தால் சமையற்காரன் பாவம், வேலையாள். அரண்மனையும் ஒரு வீடுதான். அந்த வீட்டுக்கு உடையவர் என்று பார்த்தால்..."

ராஜா இலையைப் பார்த்தார், சேவகன் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

"எல்லாரையும் அவிழ்த்துவிடு. அந்தப் பொம்பளையையும்."

ஒச்சம்மா வந்து கும்பிட்டாள். ஆனால் ராயசம் விடாக்கண்டர். "சிறையிலிருந்து விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லைசென்ஸ் மட்டும் தரமுடியாது. அவள் காட்டியது திருட்டுத் தோட்டா. புதிதாக ஒன்று காட்ட வேண்டும். அதையும் தன் வீட்டில் அடைக்கக்கூடாது."

லைசென்ஸ் இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் ஊன்றுகோல். பன்றி பயப்படுமா? ஒச்சம்மா தாண்டவத்தைப் பார்த்தாள்.

தாண்டவம் உத்தரவை வாங்கி மறுபடி ஒருமுறை நிதானமாகப் படித்தார். "தம் வீட்டில் அடைக்கலாகாது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார். வீட்டில் வேண்டாம் தாயி, கச்சேரியில் அடை. ராயசம் மேஜை விசாலமானது. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. வேடிக்கை பார்க்கத் தாமே கச்சேரி வாசலுக்கு வந்து நின்றார்.

ராயசம் வழக்கம்போல் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஒச்சம்மா மேஜைமேல் துணியை விரித்து, குப்பியை வைத்தாள், ரவையை வைத்தாள். மைக்கூட்டுக்குப் பக்கத்தில் மருந்து டப்பாவை வைத்து மூடியைத் திறந்தாள்.

"சாமி, அந்தச் சுருட்ட கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கேன், கை இன்னும் பழகல."

அவ்வளவுதான். சுருட்டு வாசல் தாண்டித் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. ராயசம் காகிதத்தையும் பேனாவையும் மைக்கூட்டையும் அள்ளிக்கொண்டு பின்வாசலால் ஓடினார். சற்று நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை மட்டும் உள்ளே நீண்டது. அதில் மை ஈரம் காயாத லைசென்ஸ்.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஏன் ராயசம், அவள் இன்னும் அடைக்கவே இல்லையே? அதற்குள் எப்படி லைசென்ஸ் கொடுத்தீர்?"

ஜன்னலுக்கு வெளியே இருந்து பதில் வந்தது: "அவள் அடைத்த பிறகு கொடுக்க, ஆள் மிஞ்ச வேண்டுமே மகாராஜா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தாண்டவத்துக்குப் போட்டார். ஒச்சம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. லைசென்ஸை முந்தானையில் முடிந்துகொண்டு, பொழுது சாய்வதற்குள் காடு போய்ச் சேர நடையைக் கட்டினாள்.