முரசு காயும் வரை

ஈரத்தோலோடு இருக்கிற முரசை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பூசணிக்காயைத் தட்டினது மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஆற்றின் இக்கரை ஊரில் போர்முரசை நனைத்துத்தான் மந்தைவெளிக்குக் கொண்டுவருவார்கள். பக்கத்தில் கங்கு மூட்டிக் காயவைப்பார்கள். போரைப் பற்றிக் கேட்க நினைப்பவர் தோலில் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுக் கேட்கலாம். கேட்க ஆளில்லாமல் தோல் காய்ந்தால்தான் முரசு முழங்கும், படகுகள் கிளம்பும்.

அந்த வருஷம் ஊரார் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவி செங்கமலம். உப்பு ஏற்றிப்போன அவள் கணவன் பொன்னப்பனை அக்கரைக்காரர்கள் பிடித்துக் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். அந்தி சாய்ந்தால் படித்துறையில்தான் நிற்பாள். அவன் துடுப்புப் போட்டால் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழும், மூக்கை உறிஞ்ச. எந்தப் படகிலும் அந்த இடைவெளி விழவில்லை.

தன் குருவான வேலாண்டி ஆசானிடம் போனாள். அவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, நாளைக்கு முரசைக் காஞ்சபடியே கொண்டுவரச் சொல்லட்டுமா? அவரை மீட்கப் போருக்குப் போக ஊரே ஒரே மனசா இருக்கு. பேச்சு எதுக்கு?"

"ஒரே மனசுன்னு எப்படித் தெரியும்?"

"யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலையே."

"அப்ப நனைச்சே கொண்டுவா. சீக்கிரம் காஞ்சிடும்."

மறுநாள் ஊரே கூடியது. கங்கு கனன்றது. எல்லோரும் செங்கமலத்தின் முகத்தைப் பார்ப்பதும் தலை குனிவதுமாக இருந்தார்கள். முரசருகே வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை ஒருவரும் தொடவில்லை.

தோல் காயப்போகிற நேரம். ஆசான் எழுந்து போய்த் தண்ணீர் தெளித்தார்.

"கேளுங்க ஆசானே," என்றாள் செங்கமலம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்குக் கேள்வி இல்லை. கொஞ்சம் நேரம்தான் வேணும்."

சொல்லிவிட்டுச் செம்போடு முரசடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் நெளிந்தது. யாரோ இருமினார்கள். எண்ணெய்க்கார மருதாயி, புருஷன் முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க, எழுந்து வந்தாள். ஒரு கை தண்ணீர் தெளித்தாள்.

"என் ரெண்டு பயலுகளும் முதல் படகுல போறானுங்க. போகட்டும். கோட்டைக்குத் தீ வைக்கிறதாப் பேச்சு. நம்ம பொன்னப்ப அண்ணன் அதுக்குள்ள எந்த மூலையில இருக்கார்னு யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை.

"இதை நேத்தே கேட்டிருந்தா என்ன, மருதாயி? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் செங்கமலம்.

"நேத்து நீங்க அழுதுக்கிட்டிருந்தீங்க தாயி."

அப்புறம் தண்ணீர் ஓயவில்லை. ஆள் அனுப்பிப் பேசிப் பார்த்தோமா என்றார் ஒருவர். போகாவிட்டால் அக்கரைக்காரன் நாளைக்கு இன்னொருத்தனைப் பிடிப்பான் என்று அவர்மேல் பாய்ந்தார் இன்னொருவர். உன் மகன் படகுல போறானா, முதல்ல அதைச் சொல்லு என்றாள் ஒரு கிழவி. சிரிப்பும் சண்டையுமாக அந்தி வந்துவிட்டது.

ஒருவழியாகக் கேள்விகள் நின்றன. தோல் காய்ந்து விறைத்தது. முரசடிப்பவன் கோலை எடுத்துக்கொண்டு தலைவியைப் பார்த்தான்.

செங்கமலம் ஆசான் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டாச்சு. இப்ப அடிக்கச் சொல்லலாமா?"

"நீ இன்னும் கேட்கலையே, அம்மா."

ஆற்றில் ஏதோ படகு வந்துகொண்டிருந்தது. துடுப்புச் சத்தம் இடைவெளியில்லாமல் கேட்டது. அவள் அது அடங்கும் வரை நின்றாள்.

"ஆசானே, அந்தச் செம்பை இப்படிக் கொடுங்க."