எலி மிச்சம் வைத்த தீனி

சிதம்பரதாணு வைத்தியருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆராய்ச்சியில் அவருடைய குரு டாக்டர் ஜெஸிந்தாவுக்கு முப்பத்தாறு. கைராசிக்காரர் என்று பேரெடுத்த சித்த வைத்தியர் இந்த வயதில் ஆராய்ச்சி என்று எலிக்கூண்டு கழுவப் போகிறாரே என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு அவருடைய அப்பா கொடுத்துவந்த சூரணம் உண்மையிலேயே வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு இரண்டு தட்டுகளை ஏந்திக்கொண்டு அரக்கப்பரக்க வந்தார். தட்டுக்கு ஒன்றாக இரண்டு எலிகளின் கல்லீரல். நான்கு மாதம் வனஸ்பதி கலந்த தீனி மட்டும் தின்ற எலியுடையது வெளிறி மஞ்சள் பாரித்திருந்தது. அதே தீனியில் சூரணம் கலந்து போட்ட எலியுடையதோ நல்ல செம்பழுப்பு.

“பாத்தீங்களா மேடம்! சூரணம் போட்ட பத்து எலியும் இப்படித்தான். இனி ஆளுங்களை வச்சும் சோதனை பண்ணலாம்னு அறிக்கையில எழுதிரலாமா?”

ஜெஸிந்தா குனிந்து நிதானமாகப் பார்த்தார். “அழகா இருக்கு வைத்தியரே” என்றார்.

பிறகு எழுந்து போய், புதிதாகப் பிசைந்து வைத்திருந்த தீனி டப்பாவைக் கொண்டுவந்தார். சூரணம் கலந்த தீனி. அதில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“ஐயோ மேடம், அது எலிக்கு உள்ளது!”

“நீங்க ருசி பாத்திருக்கீங்களா?”

டப்பா அவர் பக்கம் நீண்டது. வேறு வழியில்லாமல் அவரும் ஒரு துணுக்கைப் போட்டுக்கொண்டார். சூரணத்தில் இருந்த நிலவேம்பின் கசப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கும்போது கையோடு ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுப்பார். எலிக்கு யார் கொடுத்தது?

“கூண்டுல மிச்சம் கிடந்த தீனியை எடை போட்டீங்களா?”

“இல்ல மேடம். கழுவும்போது கொட்டிருவேன்.” கூண்டுகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “நிறையத்தான் கொட்டினேன்.”

குறைத்துத் தின்றாலே கல்லீரல் கொழுப்பு கரையும். நோயாளிகளிடம் தினமும் அவரே சொல்கிற சங்கதிதான். பத்து எலிகளும் மருந்தில் தேறினவா, அரைவயிற்றில் தேறினவா? அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும், ஒரு கடுஞ்சொல் பேசாமல், முதல் கசப்பைத் தானே வாங்கிக்கொண்ட அந்தப் பெண்மேல் அவருக்கு மரியாதை பொங்கிக்கொண்டு வந்தது.

“மறுபடி ஆரம்பிப்போம். சூரணம் போடுற எலி எவ்வளவு தின்னுதோ, அடுத்த கூண்டுக்கும் அவ்வளவே போடுங்க. சூரணம் இல்லாம.”

“இன்னும் நாலு மாசமா? எங்கப்பா மருந்து மேல உங்களுக்கு அவ்வளவு சந்தேகமா மேடம்?”

ஜெஸிந்தா டப்பாவை மூடினார்.

“உங்கப்பா மருந்து ஜெயிச்சா, அதுவா ஜெயிக்கணும் வைத்தியரே. பட்டினி சம்பாதிச்ச பேரை அதுக்கு எதுக்குக் கொடுக்கணும்?”